ஏரியோர மனைக்குக் கரைச்சுவர்: கட்டுவதும் காப்பதும்

ஏரிக்கரையில் இடிந்து கிடக்கும் தடுப்புச்சுவர்களைக் கவனித்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை தண்ணீர்ப் பக்கமாகவே கவிழ்ந்திருப்பது தெரியும். அலைதான் சுவரை வீழ்த்தியது என்றால், அது மனைப் பக்கமாக அல்லவா சாய்ந்திருக்க வேண்டும்? கரைச்சுவரைத் தள்ளி வீழ்த்துவது பெரும்பாலும் அதன் முதுகுக்குப் பின்னே தேங்கும் நீரும் அந்த நீரில் ஊறிக் கனத்த மண்ணும்தான். அலையோ சுவரின் காலடியிலிருந்து மண்ணை வாரிக்கொண்டுபோய் அந்த வேலையை எளிதாக்கிக் கொடுக்கிறது. ஆகவே சுவர் கட்டப் புறப்படுகிறவர், பார்வைக்குத் தெரியும் முகப்புக்கு ஒரு பங்கு கவனம் கொடுத்தால், பார்வைக்குத் தெரியாத முதுகுக்கும் காலடிக்கும் இரண்டு பங்கு கொடுக்க வேண்டும்.

இதன் கணக்கு எளியது. ஒரு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1 டன் அளவுக்கு இருக்கும். ஆழம் கூடக் கூட அதே விகிதத்தில் அதுவும் கூடும். ஏரி வற்றிச் சுவரின் முன்பக்கம் காய்ந்திருக்கும்போது, பின்பக்க மண்ணில் 1 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் அரை டன் விசை வெளியே தள்ளும். 2 மீட்டர் நின்றால் அது 2 டன்னாகும். உயரம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது; சுவரை அடியிலிருந்து புரட்டும் திருப்புவிசையோ எட்டு மடங்காகிறது. இத்தனையும் நீருக்கு மட்டுமே. மண்ணின் தள்ளுவிசை இதற்கு மேல். அடுத்த வீட்டுக்காரரின் சுவரைப் பார்த்து அதைவிட அரை மீட்டர் உயர்த்திக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்தே விளங்கும்.

சுவருக்கு மிக மோசமான நாள், ஏரி நிரம்பி அலையடிக்கும் நாள் அல்ல. அப்போது முன்னே நிற்கும் நீர் ஓரளவு முட்டுக் கொடுக்கிறது. மழை ஓய்ந்து ஏரியின் மட்டம் விரைவாக இறங்கும் நாள்களில்தான் அந்த முட்டு விலகுகிறது. பின்னே உள்ள மண்ணிலோ நீர் அப்படியே நிற்கிறது. மணற்பாங்கான மண்ணில் அது சில மணி நேரத்தில் வடிந்துவிடும். களிமண்ணில் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நிற்கும்.

முதலில், சுவர்தான் வேண்டுமா?

செங்குத்தான சுவரில் மோதும் அலை அழிந்துபோவதில்லை, திரும்பிப் போகிறது. போகும் அலையும் வரும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால், சுவரின் முன்னே நீரின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய இரு மடங்காகி ஏரிப்படுகையைக் குடைகிறது. கரையோரமாக ஆழமற்று, மணலும் நாணலுமாக இருந்த இடம் சில ஆண்டுகளில் ஆழமான மடுவாகிவிடுவதற்குக் காரணம் இதுதான். மீன் முட்டையிடும் இடமும் தவளை ஏறிவரும் வழியும் அதோடு போய்விடும். எனவே கரை மெல்லிய சரிவாக இருந்து, அலையும் சிறிதாக இருந்தால், சுவரை மறந்துவிட்டுக் கோரை, நாணல், வெட்டிவேர் போன்ற ஆழ வேரோடும் செடிகளையும், அவை வேர்பிடிக்கும் வரை மண்ணைத் தாங்கத் தென்னை நார் உருளைகளையும் வைப்பதே சிறந்தது. செலவும் குறைவு, சேதமானால் சரிசெய்வதும் எளிது.

அலை சற்றுப் பெரிதானால் அடுத்த தெரிவு கற்சரிவு, அதாவது கரையைச் சரிவாக வெட்டி அதன்மேல் கருங்கல்லை அடுக்குவது. 1 மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் கிடை நீளம் என்ற சரிவு பொதுவாக நிலைத்து நிற்கும். 1 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் என்பதைவிடச் செங்குத்தாகப் போகக் கூடாது. கல் உருண்டையாக இல்லாமல் முனைகளோடு உடைந்த கல்லாக இருந்தால்தான் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். குறைந்தது இரண்டு கல் கனத்துக்கு அடுக்க வேண்டும். அடியில் மண்ணை விடாமல் நீரை மட்டும் விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணியும், அதன்மேல் சிறு ஜல்லிப் படுகையும் இருக்க வேண்டும். துணியில்லாமல் கொட்டிய கல், கீழே உள்ள மண் கசிந்து போகப் போக ஒவ்வொன்றாக இறங்கி ஏரிக்குள் போய்ச் சேரும். அலையின் உயரம் இரு மடங்கானால் அதைத் தாங்கத் தேவைப்படும் கல்லின் எடை எட்டு மடங்காக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அமைதியான குளத்துக்குப் போதுமான கல், திறந்த பெரிய ஏரியில் கூழாங்கல்லைப் போல உருளும்.

கற்சரிவு அலையின் ஆற்றலைத் தன் இடுக்குகளில் உறிஞ்சிக்கொள்கிறது; ஒரு கல் நகர்ந்தாலும் மற்றவை இடம்மாறி அமர்ந்துகொள்கின்றன. சுவரோ நிற்கும் வரை நிற்கும், விழும்போது மொத்தமாக விழும். இடம் இருக்கும் மனைக்கு நான் பரிந்துரைப்பது எப்போதும் கற்சரிவைத்தான். வீடு கரைக்கு மிக அருகில் இருக்கிறது, சரிவுக்கு இடமில்லை, படகு அணைய வேண்டும் என்பன போன்ற காரணங்கள் இருந்தால் மட்டுமே சுவருக்குப் போக வேண்டும்.

அளந்து அறிய வேண்டியவை

ஏரியின் மிக உயர்ந்த மட்டமும் மிகத் தாழ்ந்த மட்டமும் தெரியாமல் சுவரின் உயரத்தையும் ஆழத்தையும் முடிவு செய்ய முடியாது. நீர்வளத் துறையின் பதிவுகள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பழைய படித்துறைக் கற்களிலும் மரங்களின் அடிப்பகுதியிலும் நீர் நின்ற கறை வரிகளைப் பார்க்கலாம். அடுத்து, வரைபடத்தில் உங்கள் மனையிலிருந்து எதிர்க்கரை வரை நீர்ப்பரப்பின் மேல் போகக்கூடிய மிக நீண்ட நேர்கோட்டை அளந்துகொள்ளுங்கள். காற்று அந்தத் தொலைவு முழுவதும் நீரின் மேல் ஓடி வரும்போதுதான் அலை வளர்கிறது. அந்தக் கோட்டின் திசையிலிருந்து பலமான காற்று வீசும் பருவம் இருந்தால், உங்கள் கரைக்கு வரும் அலை பக்கத்து வளைவில் இருக்கும் கரைக்கு வருவதைவிடப் பெரிதாக இருக்கும். சிறிய ஏரிகளில் காற்றலையைவிட விசைப்படகு கிளப்பும் அலை பெரிதாக இருப்பதும் உண்டு.

சுவர் வரப்போகும் கோட்டில் இரண்டு மூன்று இடங்களில் குழி வெட்டி மண்ணைப் பாருங்கள். ஒரு கைப்பிடி ஈர மண்ணை விரல்களுக்கிடையே உருட்டினால் கயிறுபோல் நீள்வது களிமண், உதிர்வது மணல். கருத்து, மெத்தென்று, அழுகிய இலையின் வாடையோடு வந்தால் அது ஏரிச் சேறு. அதன்மேல் எந்தச் சுவரும் நிற்காது. உறுதியான மண் கிடைக்கும் வரை தோண்ட வேண்டும் அல்லது அதற்கும் கீழே இறங்கும்படி மண்ணுக்குள் அடித்து இறக்கும் நீண்ட தகடுகளான ஷீட் பைலுக்கு மாற வேண்டும்.

ஏரிப்படுகையும் கரையின் ஒரு பகுதியும் பல இடங்களில் பொதுச்சொத்து. பட்டாவில் உள்ள எல்லையும் நீர்நிலையின் சட்டப்படியான எல்லையும் ஒன்றாக இருப்பதில்லை. எழுத்துபூர்வமான அனுமதி கையில் வராமல் ஒரு கூடை மண்ணைக்கூடத் தோண்ட வேண்டாம். சுவர் 1 மீட்டரைத் தாண்டினாலோ, அதன் பின்னே கட்டடம் இருந்தாலோ, வடிவமைப்பைக் கட்டுமானப் பொறியாளரிடம் விட்டுவிடுங்கள். இக்கட்டுரை அவருக்கு மாற்றன்று. அவரிடம் என்ன கேட்க வேண்டும், வேலை நடக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான்.

கட்டும் வேலை

சுவர்களில் மூன்று இனம். கருங்கல் கட்டடமும் கல் நிரப்பிய கம்பிவலைப் பெட்டிகளும் தம் எடையாலேயே நிற்பவை. அவற்றின் அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், தன் அகன்ற அடித்தகட்டின் மேல் அமர்ந்திருக்கும் மண்ணையே தனக்கு எடையாகப் பயன்படுத்திக்கொள்கிறது. ஷீட் பைல் சுவர் மண்ணுக்குள் ஆழமாக இறங்கிய பகுதியின் பிடிமானத்தால் நிற்கிறது. இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கும் அந்தத் தகடுகள், பின்பக்கக் கட்டு இல்லாமல் நிற்க வேண்டுமானால், வெளியே தெரியும் உயரத்தைப் போல் ஒன்று முதல் இரண்டு மடங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். உயரமான சுவருக்கு இழுகம்பி போட்டுப் பின்னே புதைத்த கான்கிரீட் நங்கூரத்தோடு கட்டுவார்கள். அந்த நங்கூரம் சுவருக்குப் பக்கத்திலேயே இருந்தால் பயனில்லை. சுவர் சரியும்போது அதோடு சேர்ந்து சரியும் மண்ணுக்குள்ளேயே அதுவும் இருக்கும். சுவரின் உயரத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு தொலைவுக்கு அப்பால், அசையாத மண்ணில் அது இருக்க வேண்டும்.

ஏரி மிகத் தாழ்ந்திருக்கும் மாதத்தில் வேலையைத் தொடங்குங்கள். மணல் மூட்டைகளை இரட்டை வரிசையாக அடுக்கி, இடையில் களிமண்ணைத் திணித்து நீரைத் தடுத்துக்கொள்ளலாம். உள்ளே ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைக்கும்போது, குழியின் அடியில் மணல் கொதிப்பதுபோல் குமிழியிட்டு மேலே வந்தால் உடனே நிறுத்த வேண்டும். அடிமண்ணே கலகலத்துப் போகிறது என்பதற்கு அது அடையாளம்.

அடித்தளத்தின் ஆழத்தை முடிவு செய்வது அலைக்குடைவு. சுவரின் முன்னே படுகை குடைபடும் ஆழம், அங்கே வரக்கூடிய பெரிய அலையின் உயரத்துக்குச் சமமாக இருக்கலாம் என்பது கரைக்காப்பு வேலையில் நெடுங்காலமாகப் புழங்கும் தோராயக் கணக்கு. 60 சென்டிமீட்டர் அலை வரும் இடத்தில், இன்றைய படுகை மட்டத்துக்குக் கீழே 60 சென்டிமீட்டர் போய்விட்டாலும் அடித்தளம் வெளியே தெரியக் கூடாது. அதற்கும் கீழே அது அமர வேண்டும். அதோடு நிற்காமல், சுவரின் முன்னே 1 முதல் 2 மீட்டர் அகலத்துக்கு ஜியோ டெக்ஸ்டைல் விரித்துக் கல் பாவிவிட வேண்டும். சிக்கனம் என்ற பெயரில் முதலில் விட்டுவிடப்படுவது இந்தக் காலடிக் கல்தான். பிற்பாடு சுவரின் உயிரைக் காப்பாற்றுவதும் அதுவே.

கான்கிரீட்டைப் பொறுத்தவரை, எப்போதும் நனைந்து காயும் இடத்துக்கு எம் 30 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாமல், நீர்–சிமெண்ட் விகிதம், அதாவது சிமெண்டின் எடைக்கு நீரின் எடை, 0.45க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். கம்பிக்கு வெளியே அதை மூடும் கான்கிரீட்டின் கனம், அதாவது கவர், 50 மில்லிமீட்டர் தேவை. மண்ணின்மேல் நேரடியாக ஊற்றும் இடத்தில் 75. அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் கட்டைகளை வைக்காமல் உடைந்த கல்லை முட்டுக் கொடுத்துக் கம்பியைத் தூக்கி வைத்திருந்தால், கான்கிரீட் போட அனுமதிக்காதீர்கள். குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். ஏரி நீர் உறையும் குளிர்ப் பகுதிகளில் நுண்காற்றுக் குமிழிகள் கலந்த கான்கிரீட் அவசியம். துளைகளில் புகுந்த நீர் பனிக்கட்டியாகி விரியும்போது அந்தக் குமிழிகள்தான் இடம் கொடுக்கின்றன. விரியும் பனித்தகடு சுவரின் மேற்பகுதியையே தள்ளக்கூடியது என்பதால், அத்தகைய இடங்களில் கற்சரிவு இன்னும் பொருத்தமானது.

இனி முதுகுப் பக்கம். தோண்டி எடுத்த களிமண்ணையே திரும்பப் போட்டு நிரப்புவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. கண்முன்னே குவிந்து கிடப்பதால் ஒப்பந்தக்காரரின் கை தானாக அதை நோக்கிப் போகும். சுவரை ஒட்டி 30 சென்டிமீட்டர் கனத்துக்கு ஜல்லி, அதைப் பிரித்து வைக்க ஜியோ டெக்ஸ்டைல், அதற்குப் பின்னே மணலும் சரளையும் என்பதே முறை. துணியின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது 30 சென்டிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும். ஒரே நேரத்தில் கொட்டி நிரப்பாமல், 15 முதல் 20 சென்டிமீட்டர் படலங்களாகப் போட்டு ஒவ்வொன்றையும் கெட்டிக்க வேண்டும். சுவரிலிருந்து 1 மீட்டருக்குள் திமிசோ சிறு அதிர்வு இயந்திரமோ போதும். உருளை வண்டி வந்தால், புதிய சுவரை அதன் அழுத்தமே தள்ளிவிடும்.

சுவரில் 75 முதல் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வடிதுளைகளை ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடைவெளியில், வெளியே சற்றுத் தாழும்படி வையுங்கள். கொத்தனார்கள் வீப் ஹோல் என்று சொல்வது இதைத்தான். ஏரியின் வழக்கமான மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வரிசை வர வேண்டும். மட்டம் வெகுவாக ஏறி இறங்கும் ஏரியானால் தாழ்ந்த மட்டத்தை ஒட்டி இன்னொரு வரிசையும் வேண்டும். துளையின் உள்வாயில் துணி சுற்றிய ஜல்லிப் பொட்டலம் இல்லாவிட்டால், அத்துளை நீரை வடிக்கும் வழியாக இல்லாமல் மண்ணைக் கடத்தும் வழியாகிவிடும்.

சுவரில் 6 முதல் 9 மீட்டருக்கு ஒரு மூட்டு, அதாவது மேலிருந்து கீழ்வரை ஒரு இடுக்கு, விட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட் தனக்குப் பிடித்த இடத்தில் பிளந்துகொள்ளும். ஒவ்வொரு மூட்டின் பின்னாலும் துணியை அகலமாக ஒட்டி மூட வேண்டும். இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு மனையில் நான் பார்த்தது அப்படி. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்கு இரண்டடி பின்னே புல்தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். வீட்டுக்காரர் மூன்று முறை மண் போட்டு மூடியும் ஒவ்வொரு மழைக்கும் அது திரும்ப வந்தது. அரை அங்குலக் கம்பியொன்றைப் பள்ளத்தில் நிறுத்தி லேசாக அழுத்தினேன். தடையே இல்லாமல் முழங்கை வரை, பிறகு தோள் வரை உள்ளே போய்விட்டது. ஒரு குடம் நீரில் சாயம் கலந்து ஊற்றியபோது, இரண்டு நிமிடத்தில் சுவரின் மூட்டு வழியாக ஏரியில் செந்நிறம் இறங்கியது. விரல் கனமுள்ள அந்த மூட்டின் பின்னே துணி வைக்க யாரோ மறந்திருந்தார்கள். அவர் போட்ட மூன்று வண்டி மண்ணும் அந்த விரற்கடை இடுக்கு வழியாகத்தான் ஏரிக்குப் போயிருந்தது.

சுவரின் இரு முனைகளும் நேராக நின்றுவிடக் கூடாது. அலை முனையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் புகுந்து கரையைக் கரைக்கும். சுவர் தனியே ஏரிக்குள் நிற்கும். முனைகளைக் கரைக்குள் திருப்பி, உறுதியான மண்ணில் சுவரின் உயரத்தைப் போல் இரு மடங்காவது உள்ளே கொண்டுபோய் முடிப்பது என் வழக்கம். பக்கத்து மனையில் சுவர் இல்லையென்றால், உங்கள் முனையில் திரும்பும் அலை அவர்கள் கரையை அரிக்கும். அங்கே சில மீட்டர் கற்சரிவாக முடித்துக் கொடுப்பது அண்டை உறவுக்கும் நல்லது, சுவருக்கும் நல்லது. மேல்விளிம்பைத் தாண்டித் தெறிக்கும் நீருக்காக, சுவரின் பின்னே அரை மீட்டர் அகலத்துக்குத் துணி விரித்துச் சரளை போட்டுவிடுங்கள். புல் மட்டும் இருந்தால் அந்த வரிசையில்தான் முதலில் மண் கரையும்.

காக்கும் வேலை

ஆண்டுக்கு இரண்டு முறை, மழைப்பருவத்துக்கு முன்னும் பின்னும், சுவரை முழு நீளமும் நடந்து பார்க்க வேண்டும். பெரும் புயலுக்குப் பிறகு தனியாக ஒரு முறை. பலத்த மழைக்கு மறுநாள் வடிதுளைகளைப் பார்ப்பது எல்லாவற்றிலும் பயனுள்ள சோதனை. தெளிந்த நீர் வடிந்தால் எல்லாம் சரி. ஒன்றுமே வராமல் சுவர் மட்டும் ஈரமாக இருந்தால் துளை அடைத்திருக்கிறது. மழுங்கிய கம்பியால், உள்ளே உள்ள துணி கிழியாதபடி மெதுவாகக் குத்தி நீக்குங்கள். கலங்கல் நீர் வந்தால் பின்னே மண் போய்க்கொண்டிருக்கிறது. அந்த இடத்தைத் தோண்டித் துணியைப் பார்க்காமல் விடாதீர்கள். துளையின் கீழே பழுப்புக் கறை படிந்து அசிங்கமாக இருக்கிறது என்று சிமெண்ட் வைத்து அடைத்துப் பூசியவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவரை விழவைக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

சுவர் சாய்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. மேல்விளிம்பில் மூன்று நான்கு இடங்களில் பெயிண்டால் புள்ளி வைத்து, அங்கிருந்து ஒரே நீளத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். அளவு ஆண்டுக்கு ஆண்டு ஒரே பக்கமாக நகர்ந்தால் அது செய்தி. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதலாம். குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்தால், விரிசல் நகரும்போது அது உடைந்து காட்டிக் கொடுக்கும். கிடைமட்ட விரிசலுக்குச் செங்குத்து விரிசலைவிட அதிகம் அஞ்ச வேண்டும், ஏனெனில் அது பெரும்பாலும் பின்னழுத்தம் சுவரை வளைப்பதன் விளைவு. துருக்கறை வழிந்தால் உள்ளே கம்பி அரிபடுகிறது. இரும்பு ஷீட் பைலில், நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டைப் பகுதியே முதலில் மெலியும்.

காலடியைப் பார்க்க, அளவு குறித்த ஒரு மூங்கில் கழி போதும். சுவரை ஒட்டி அதே இடங்களில் ஆண்டுதோறும் ஆழத்தை அளந்து, முந்திய அளவோடு ஒப்பிடுங்கள். கல் இறங்கியிருந்தால் உடனே கூடுதல் கல் போட்டுவிட வேண்டும். ஒரு சுமை கல்லில் முடியும் வேலை, இரண்டு பருவம் தள்ளிப்போட்டால் அடித்தளத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேலையாகிவிடும்.

கூரை நீர், வண்டி நிறுத்துமிடத்து நீர், குளியலறைக் கழிவு எதுவும் சுவரின் பின்னே இறங்கக் கூடாது. மழைநீரை மூடிய குழாயில் சுவரைத் தாண்டியோ பக்கவாட்டிலோ கொண்டுபோய்விடுங்கள். சுவரிலிருந்து அதன் உயரத்துக்குச் சமமான தொலைவுக்குள் மண் குவிப்பது, லாரி நிறுத்துவது, நீச்சல் குளம் வெட்டுவது ஆகியவை கூடாது. பெரிய மரமும் அங்கே வேண்டாம். அதன் வேர் மூட்டைப் பிளக்கும், காற்றில் ஆடும்போது மண்ணையும் சேர்த்து அசைக்கும். ஏற்கெனவே நிற்கும் மரத்தை வெட்ட நேர்ந்தால் வேரைப் பிடுங்காமல் விடுங்கள். பிடுங்கினால் ஜல்லிப் படுகையும் துணியும் அதோடு வந்துவிடும். செத்த வேர் மட்கிப் புழை விடும் என்பதால், அந்த இடத்தை அடுத்த சில ஆண்டுகள் கவனித்து வர வேண்டும்.

சற்றுச் சாய்ந்துவிட்ட, ஆனால் உடையாத சுவரை இடித்துக் கட்டுவதற்கு முன், அனுமதி கிடைத்தால் அதன் முன்னே கற்சரிவு போட்டு முட்டுக் கொடுக்க முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். பல இடங்களில் புதிய சுவரைவிடக் குறைந்த செலவில் அது முடிகிறது. அலை திரும்பி அடிப்பதும் குறைகிறது. பின்னே உள்ள வெற்றிடங்களைச் சிமெண்ட் கரைசலோ நுரையோ செலுத்தி அடைப்பதாக இருந்தால், அது ஜல்லிப் படுகைக்குள் போய் வடிகாலையே அடைத்துவிடாமல் இருக்க என்ன ஏற்பாடு என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏரி இறங்கும் நாளில் சுவர் திடீரெனப் பிதுங்குவதைக் கண்டால், அதன் மேலும் கீழும் யாரையும் விடாதீர்கள். மண் போட்டு நிரப்பவோ முன்பக்கம் மரம் வைத்து முட்டுக் கொடுக்கவோ முயல வேண்டாம். பின்பக்கத்துக்கு நீர் வரும் எல்லா வழிகளையும் அடைத்து, வண்டிகளை அப்புறப்படுத்துங்கள். பிறகு பொறியாளர் வந்து பார்த்து, சுவருக்குப் பின்னே பாதுகாப்பான தொலைவிலிருந்து நீரை இறைக்கவும் மேல்மண்ணைப் படிப்படியாக எடுக்கவும் வழி சொல்லும் வரை, தூக்குக்குண்டின் பழைய அளவுகள் எழுதிய அந்த நோட்டைக் கையில் எடுத்து வைத்திருங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.